வண்டி மையும் 90 நம்பர் ஆயிலும்

நேத்து எங்க லோடு வண்டிக்கு வீட்டு வாசல்லயே, புளியமரத்தடியில, டிஃபரன்ஷியல் ஆயில் மாத்தினேன். கையில ஒட்டின கந்தக நாத்தம் சோப்பு போட்டும் இன்னும் போகல. அந்த நாத்தத்துக்குப் பின்னால ஒரு கதை இருக்கு.

எங்க தாத்தாகிட்ட இருந்தது மாட்டுவண்டி. மருங்காபுரியில இருந்து மணப்பாறை சந்தைக்குக் கிளம்பும் முன்னாடி வண்டி மை போடாம மாடு பூட்டமாட்டார். வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில குழைச்சா அதுதான் மை. கடையாணியைக் கழட்டி, சக்கரத்தை அச்சு நுனிவரைக்கும் இழுத்து, தடவித் தள்ளுவார். மறந்துட்டா வண்டியே கத்தும், ஊருக்கே கேட்கும்.

மாட்டுவண்டியில அச்சு சுத்தாது. ரெண்டு சக்கரமும் தனித்தனியா சுத்தும். திரும்புறப்ப வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடினாலும் தொல்லை இல்லை. லாரியில எஞ்சின்தான் பின்சக்கரங்களைச் சுத்தணும். ரெண்டையும் ஒரே தண்டில இறுக்கிட்டா வளைவுல டயர் இழுபட்டுத் தேயும். ரெண்டுக்கும் விசையைக் கொடுத்து, வேகத்தை மட்டும் வேறுபட விடுறதுதான் டிஃபரன்ஷியல். பிரான்ஸ்காரர் ஒனெசிஃபோர் பெக்கூர் 1828-ல நீராவி வண்டிக்காக இதுக்குக் காப்புரிமை வாங்கினார்.

நம்ம நாட்டுல 1948-ல தொடங்கின அசோக் மோட்டார்ஸ், எண்ணூர் தொழிற்சாலையோட 1955-ல அசோக் லேலண்ட் ஆச்சு. 1954-ல ஜாம்ஷெட்பூர்ல டாடாவும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பிச்சாங்க. லாரிகள் பழசாகி, கைமாறிக் கைமாறித்தான் எங்க மாதிரி ஊருக்கு வந்துச்சு.

அப்பா 1986-ல அப்படி ஒண்ணு வாங்கினார். எஞ்சின் ஆயிலை தினம் பார்ப்பார். பின்னச்சு நடுவுல உருண்டையா இருக்கிற கூட்டை மட்டும் மூணு வருஷம் திறக்கவே இல்லை. துவரங்குறிச்சி தாண்டி, நெல் மூட்டையோட, கிரவுன் பல் உடைஞ்சு நின்னுபோச்சு. அந்தச் செலவுக்குத் தாத்தாவோட உழவுமாட்டு ஜோடி சந்தைக்குப் போச்சு. தாத்தா திட்டல. "மை போட்டியாடா?"ன்னு மட்டும் கேட்டார்.

அதனால இந்த வேலையை நானே பார்க்கிறேன். கொஞ்ச தூரம் ஓட்டினா ஆயில் சூடாகி இளகும். சமதளத்துல நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முதல்ல மேல் பிளக்கைத்தான் கழட்டணும். கீழே வடிச்ச பிறகு மேல் பிளக் மசியலைன்னா, ஊத்த வழியில்லாம வண்டி அங்கயே நிக்கும். கீழ் பிளக் காந்தத்துல இரும்புப் பொடி ஒட்டியிருந்தா அது வழக்கமான தேய்மானம். துண்டு இருந்தா பல்லுக்கு ஆபத்து. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி புகுந்திருக்கு. காந்தத்தைத் துடைச்சு, கீழ் பிளக்கை இறுக்கி, புது 90 நம்பர் ஆயிலை மேல் துளையில வழியுற வரைக்கும் ஊத்தணும்.

கிரவுனும் பினியனும் உருளுறதோட வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்துல வெறும் எண்ணெய்ப் படலம் கிழிஞ்சுடும். ஆயில்ல சேர்த்த கந்தகச் சேர்மங்கள்தான் பல்லு மேல ஒரு காப்புப் பூச்சு போடுது. நாத்தம் அதோட நாத்தம்தான்.

தாத்தாவோட விளக்கெண்ணெய் மண்ணுல சிந்தினா மக்கிடும். இது அப்படி இல்லை. கிணத்தடியில கொட்டினா நம்ம தண்ணியைத்தான் கெடுக்கும். கேன்ல பிடிச்சு வச்சிருக்கேன், கழிவு ஆயில் எடுக்க அனுமதி உள்ளவங்ககிட்ட கொடுக்க.

மாத்தின தேதியையும் கிலோமீட்டரையும் கதவு உள்பக்கம் பெயிண்ட்ல எழுதியாச்சு. மாட்டுவண்டி கத்தினா மை கேட்குதுன்னு அர்த்தம். இது கத்த ஆரம்பிச்சா, அதுக்குள்ள பல்லு போயிருக்கும்.