பொய்க்கதை என்று ஒதுக்கிய புத்தகங்கள்



"பொய்க்கதை வாசிச்சு என்ன பிரயோசனம்?" இரத்தோட்டையில் விஞ்ஞானக் கதையோ மாயக் கதையோ கையில் எடுக்கும் பிள்ளை, அதிலும் பெண்பிள்ளை, இந்தக் கேள்விக்குத் தப்புவது கஷ்டம். நாங்களும் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். உண்மையைச் சொன்னால், ஆசிரியர்களான பிறகு நாங்களே கேட்டும் இருக்கிறோம். ஆனால் இந்தக் கதைகளின் சரித்திரத்தில் எங்கள் சமூகத்துக்கும் பங்கு உண்டு.

ரொக்கையா சகாவத் ஹுசைன் என்ற வங்காளத்து முஸ்லிம் பெண் பாடசாலைக்குப் போனதில்லை. வீடு உறங்கிய பிறகு, மெழுகுதிரி வெளிச்சத்தில் அவருடைய நானாதான் இங்கிலிஷ் சொல்லிக் கொடுத்தார். அந்த இங்கிலிஷில் அவர் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் மதராஸில் வெளிவந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில் வந்தது.

கதையில் ஒரு பெண்கள் நாடு. ஆண்கள் யுத்தத்தில் தோற்றுத் திரும்பி வந்து வீட்டுக்குள் அடங்க, பல்கலைக்கழகத்துப் பெண்கள் சூரிய வெப்பத்தைத் திரட்டி எதிரியின் மேல் திருப்பி விரட்டுகிறார்கள். சமையலும் சூரிய வெப்பத்திலேதான். குசினியில் புகை கிடையாது. மேகத்திலிருந்து பலூன் மூலம் தண்ணீரை இறக்கிக்கொள்வதால் வெள்ளமும் இல்லை. (ரிவர்ஸ்டன் மேகத்தைப் பார்த்துப் பார்த்தே குடையைத் தேடும் எங்களுக்கு இந்த இடம் நன்றாகப் பிடிக்கும்.) கணவர் இதை நின்றபடியே வாசித்து முடித்துவிட்டு, பொல்லாத பழிவாங்கல் என்றாராம்.

அந்தக் கணவர் 1909இல் மௌத்தானார். அதே வருடம் ரொக்கையா பாகல்பூரில் ஐந்து பிள்ளைகளோடு பெண்கள் பாடசாலை தொடங்கினார். 1911இல் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார். இன்றும் அந்தப் பாடசாலை நடக்கிறது.

இதற்கும் 20 வருடம் முன்னே, பக்கத்துக் கண்டியில் சித்தி லெப்பை 'அசன்பே சரித்திரம்' எழுதினார், 1885இல். இலங்கையின் முதல் தமிழ் நாவல். மிசிறு தேசத்தில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, பம்பாயில் வளரும் ஒருவனின் சாகசம். விஞ்ஞானக் கதை அல்ல, ஆனாலும் 'பொய்க்கதை'தான். அவரும் பெண்பிள்ளைகளின் படிப்புக்காக உழைத்தவர். கதை எழுதிய கையும் பாடசாலை திறந்த கையும் இரண்டு பேரிடத்திலும் ஒன்றுதான் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

எதில் தொடங்குவது? 'அசன்பே'யில் வேண்டாம், அந்தக் காலத்துத் தமிழ் கொஞ்சம் களைக்கப் பண்ணும். தமிழில் வேகமாக ஓட சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவே வாசிக்கலாம். இங்கிலிஷ் ஓடுமென்றால், 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்து 2008இல் கொழும்பில் மறைந்த ஆர்தர் சி. கிளார்க். அவருடைய 1979 நாவலில் எங்கள் சிவனொளிபாத மலையை ஒத்த ஒரு மலையிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் போகிறது.

ஆனால் முதலில் 'சுல்தானாவின் கனவு'. சின்னக் கதை, இணையத்தில் இலவசம், பத்தாம் ஆண்டுப் பிள்ளை அகராதியோடு சமாளிக்கும். வாசித்துவிட்டு வாப்பாவிடமும் கொடுங்கள். நின்றபடி வாசித்தாரா, உட்கார்ந்தா என்று எங்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.