ஊராத்துறையில் கூடிய மரக்கலங்கள்

பாய் விரித்துப் பந்தயம் ஓடி, கரையேறி விருந்துண்டு கலைவது மேனாட்டுப் படகுக் கழகங்களின் வழக்கம். எங்கள் தீவுப்பகுதியில் பாய்மரங்கள் கூடியதோ பிழைப்புக்காக. அந்தக் கூட்டத்துக்கு அழைப்பிதழே கல்லில் இருக்கிறது, நேயர்களே!

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிற் கல்வெட்டைச் சொல்கிறேன். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பொறிப்பித்தது. பொலன்னறுவை மன்னனின் ஆணை தமிழிலே! துறைமுகத்தில் எந்த மொழி செல்லும் என்பதை அறிந்தவன் அவன்.

பரதேசிகள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கவேண்டும். அவர்களுக்குக் காவல் வேண்டும். பல துறைகளிலிருந்தும் வந்து கூடவேண்டும் என்கிறது அது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கென்றால் சரிபாதி. குதிரைமேல் மன்னனுக்கு அத்தனை ஆசை!

சரிபாதி கொஞ்சமல்லதான். ஆயினும், உடைந்த கப்பலின் பொருள் முழுவதும் கரையிலிருப்பவனுக்கே என்றிராமல், கடலில் தோற்றவனுக்கும் பங்கு உண்டென்று எழுதிவைத்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். சோழகத்தில் வந்தவன் வாடைக்காற்று எழும்வரை திரும்பமுடியாது. மாதக்கணக்கில் அந்நியக் கரையிலே கிடக்கவேண்டியவனுக்கு, விருந்தைவிட அந்த எழுத்துத்தான் தேவைப்பட்டது.