பொத்தான் தோற்ற மாற்றம் (மேசைக்கணினி இடைமுகம்)

மேசைக்கணினி மென்பொருளில் ஒரு பொத்தான், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் நிறம், ஓரம், எழுத்து, படம் ஆகியவற்றை மாற்றிக்கொள்வதைத் தோற்ற மாற்றம் என்கிறோம். கர்சர் மேலே வந்ததும் பளிச்சிடுவது, அழுத்தினால் உள்ளே போனதுபோலத் தெரிவது, பயன்படாத வேளையில் மங்கிக் கிடப்பது, ‘இயக்கு’ என்றிருந்தது ‘நிறுத்து’ என்று ஆவது எல்லாம் இதில் அடங்கும். பயன்படுத்துபவர் இதைக் கவனிப்பதுகூட இல்லை. நிரல் எழுதுபவர் பாடு வேறு. எந்தக் கருவித்தொகுப்பைக் கையில் எடுத்தாலும் புதியவர் முதலில் திணறும் இடங்களில் ஒன்று, ஒரு பொத்தானைச் சிவப்பாக்குவது. பொத்தானை வரையும் உரிமை இயங்குதளத்துக்கா, மென்பொருளுக்கா, அதன் முன் உட்கார்ந்திருப்பவருக்கா என்ற வழக்கு நாற்பது ஆண்டுகளாக இழுபடுவதே அதற்குக் காரணம்.

கறுப்பும் வெள்ளையும்

1984 ஜனவரியில் வந்த ஆப்பிள் மேக்கின்டாஷின் திரை 512-க்கு 342 பிக்சல். ஒரு பிக்சலுக்கு ஒரே பிட். கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. மொத்த நினைவகமே 128 கிலோபைட். அதில் 21,888 பைட்டுகளைத் திரை எடுத்துக்கொள்ளும். இந்த நெருக்கடியில் ‘அழுத்தியாயிற்று’ என்று காட்ட மலிவான வழி ஒன்றுதான் இருந்தது: பொத்தானின் பரப்பில் கறுப்பை வெள்ளையாக்கு, வெள்ளையைக் கறுப்பாக்கு. அதையே இன்னொரு முறை செய்தால் பழைய உருவம் தானே திரும்பிவிடும். எதையும் சேமித்து வைக்க வேண்டியதில்லை. பில் அட்கின்சன் எழுதிய குவிக்டிரா வரைகலைத் தொகுப்பில், மூலை வளைந்த செவ்வகத்தை வரைய ஒரு கட்டளையும் அதன் நிறங்களைத் தலைகீழாக்க இன்னொரு கட்டளையும் இருந்தன. முடங்கிய பொத்தானைக் காட்ட, எழுத்தின் பிக்சல்களை ஒன்றுவிட்டு ஒன்று அழித்தார்கள். சாம்பல் நிறமே இல்லாத திரையில் சாம்பல் தெரிந்தது.

மேக் வகுத்த நடத்தை விதி அதன் வரைமுறையைவிட நீண்ட ஆயுள் பெற்றது. பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கர்சரை வெளியே இழுத்தால் பொத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். உள்ளே கொண்டுவந்தால் மறுபடி கறுக்கும். வெளியே விரலை எடுத்தால் ஒன்றும் நடக்காது. அழுத்திய பிறகும் மனம் மாறலாம் என்ற இந்தச் சலுகை இன்றும் ஏறக்குறைய எல்லா மேசைக்கணினிப் பொத்தான்களிலும் இருக்கிறது. தோற்றம் மாறாவிட்டால் அந்தச் சலுகை இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

உரிமைப் பங்கீடும் அன்றே தொடங்கிவிட்டது. பொத்தானை வரைவது இயங்குதளத்தின் வேலை. ஆனால் வேறு உருவம் வேண்டுமென்றால், வரைதல், கர்சர் இருக்கும் பகுதியைக் கண்டறிதல் ஆகியவற்றைச் செய்யும் ஒரு துண்டு நிரலை நிரலர் எழுதிச் செருகலாம். பலர் செருகவில்லை. உள்ளபடியே இருந்த பொத்தான் போதுமான அளவு நன்றாக இருந்தது.

ஒளியும் நிழலும்

1989-இல் நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளத்தின் முதல் முழுப் பதிப்பு வந்தபோது திரைக்கு நான்கு சாயல்கள் கிடைத்தன: கறுப்பு, அடர்சாம்பல், வெளிர்சாம்பல், வெள்ளை. புடைப்புக்கு இவ்வளவு போதும். இடது மேல் மூலையிலிருந்து ஒளி விழுவதாக வைத்துக்கொண்டு, மேலும் இடமும் வெள்ளைக் கோடு, கீழும் வலமும் கறுப்புக் கோடு போட்டால் பொத்தான் திரையிலிருந்து எழும்பி நிற்கும். கோடுகளை இடம் மாற்றினால் அமிழ்ந்துவிடும். இந்தக் கண்கட்டு வித்தை 1990 மே மாதம் வந்த விண்டோஸ் 3.0 வழியாக லட்சக்கணக்கான மேசைகளுக்குப் போனது.

நெக்ஸ்ட்ஸ்டெப்பின் பொத்தானுக்கு இரண்டு பெயர்களும் இரண்டு படங்களும் தரலாம். நிலை மாறும்போது மாற்றுப் பெயரும் மாற்றுப் படமும் தாமே வந்து உட்காரும். அதைவிட அழகானது அதன் சாளரத்தை மூடும் பொத்தான். ஆவணத்தில் சேமிக்காத திருத்தம் இருந்தால் அந்தப் பெருக்கல் குறி உடைந்தாற்போல் தெரியும். பின்னாளில் மேக் ஓஎஸ் எக்ஸ் இதையே சிவப்பு வட்டத்துக்குள் ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டது. ஒரு பொத்தான் தன்னைப் பற்றியல்லாமல் ஆவணத்தைப் பற்றிச் சேதி சொன்ன தொடக்கக் காட்டுகளில் இது ஒன்று. இவ்வளவு அடக்கமாகச் சொன்னவை பிறகும் அதிகமில்லை.

யூனிக்ஸ் பக்கம் எக்ஸ் சாளர அமைப்பில் வழி வேறாக இருந்தது. அதனுடன் வந்த அத்தீனா தொகுப்பின் பொத்தான், கர்சர் உள்ளே நுழைந்ததுமே ஓரத்தைத் தடிப்பாக்கிக் காட்டியது. எந்த நிகழ்வுக்கு எந்த மாற்றம் என்பது நிரலுக்குள் புதைந்திராமல் ஓர் அட்டவணையாக இருந்தது. பயன்படுத்துபவர் தன் அமைப்புக் கோப்பில் எழுதி அதை மாற்றிக்கொள்ளலாம். 1989-இன் மோட்டிஃப் தொகுப்பு, பின்னணி நிறம் ஒன்றைக் கொடுத்தால் மேல் நிழல், கீழ் நிழல், அழுத்திய நிறம் மூன்றையும் தானே கணக்கிட்டது. நிறத் தேர்வை நிரலரின் ரசனைக்கு முழுதாக விடாத இந்த ஏற்பாட்டின் அருமை, பின்னாளைய மென்பொருள்களின் ஊதாப் பொத்தான்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

விண்டோஸில் நடந்த வழக்கு

விண்டோஸில் பொத்தான் ஒரு சிறு சாளரம். அதன் உருவத்தை அமைப்பே வரையும். தொடக்கப் பதிப்புகளில் ‘பயனர் பொத்தான்’ என்றொரு வகை இருந்தது. அது பின்னால் கைவிடப்பட்டு, ‘உரிமையாளர் வரையும் பொத்தான்’ என்ற ஏற்பாடு நிலைத்தது. பொத்தானை வரையும் தேவை வரும்போதெல்லாம் அமைப்பு தாய்ச் சாளரத்துக்கு ஒரு செய்தி அனுப்பும். எந்தப் பொத்தான், எந்தச் செவ்வகம், அழுத்தியிருக்கிறதா, முடங்கியிருக்கிறதா, விசைப்பலகைக் கவனம் அதன்மேல் இருக்கிறதா என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். மிச்சம் முழுவதும் நிரலர் பொறுப்பு: புடைப்புக் கோடு, அழுத்தும்போது எழுத்தை ஒரு பிக்சல் கீழே வலமாக நகர்த்துவது, கவனத்தைக் காட்டும் புள்ளிக்கோடு எல்லாம். நிறத்தை மட்டும் மாற்ற வந்தவர் பொத்தான் முழுவதையும் கட்டித் தூக்க வேண்டியதாயிற்று.

இதில் ஒரு பொறியும் உண்டு. உரைப்பெட்டி, பட்டியல் போன்றவற்றை வரையுமுன் ‘என்ன நிறம் வேண்டும்?’ என்று விண்டோஸ் கேட்கும். பொத்தானுக்கும் அப்படி ஒரு செய்தி வரும். பதிலாக எந்த நிறத்தைத் தந்தாலும் சாதாரணப் பொத்தானின் முகம் மாறாது. கேட்டுவிட்டுக் காதில் போட்டுக்கொள்ளாத இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி நேரத்தைத் தொலைத்த நிரலர்கள் பலர்.

கருவி விற்பவர்கள் இந்த இடைவெளியில் புகுந்தார்கள். மைக்ரோசாஃப்டின் எம்எஃப்சி நூலகம் படப் பொத்தானுக்கு ஒரு பெயர் மரபை வைத்தது: படத்தின் பெயர் ‘யு’ என்று முடிந்தால் சாதாரண நிலை, ‘டி’ என்றால் அழுத்திய நிலை, ‘எஃப்’ கவனம் பெற்றது, ‘எக்ஸ்’ முடங்கியது. போர்லாந்து நிறுவனம் ஒரு படி மேலே போய்ப் பச்சை டிக் குறி, சிவப்புப் பெருக்கல் குறி, கேள்விக்குறி என்று தன் பொத்தான்களுக்கே ஒரு குலக்குறி கொடுத்தது. தொண்ணூறுகளில் அந்தப் பச்சை டிக்கைப் பார்த்தாலே இது போர்லாந்து தொகுப்பியில் செய்தது என்று சொல்லிவிடலாம். 1995 பிப்ரவரியில் வெளியான அதே நிறுவனத்தின் டெல்ஃபி அதை ஒழுங்குபடுத்தியது. ஒரே படக்கோப்பில் நான்கு உருவங்கள்வரை அடுத்தடுத்து வைக்கலாம்: எழும்பியது, முடங்கியது, சொடுக்கியது, அமுங்கியே இருப்பது. கீழ் இடது மூலைப் பிக்சலின் நிறம் எதுவோ அது ஊடுருவித் தெரியும். எளிமையான, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் அதே டெல்ஃபியின் சாதாரணப் பொத்தானுக்கு நிறம் என்ற பண்பே கிடையாது; அதை வரைவது விண்டோஸ் என்பதால்.

விஷுவல் பேசிக்கில் கதை இன்னும் வேடிக்கை. 1998-இன் ஆறாம் பதிப்பில் பொத்தானுக்குப் பின்னணி நிறப் பண்பு உண்டு. மாற்றினால் ஒன்றும் ஆகாது. ‘ஸ்டைல்’ பண்பைக் ‘கிராஃபிக்கல்’ என்று ஆக்கினால்தான் நிறம் ஏறும். அதையும் வடிவமைக்கும்போதே செய்தாக வேண்டும், ஓடும்போது முடியாது. கணினிப் பயிற்சி மையங்களில் விஷுவல் பேசிக் படித்தவர்களுக்கு இந்த முடிச்சு நினைவிருக்கும்.

கர்சர் மேலே வந்தால்

1996 ஆகஸ்டில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3-இன் கருவிப்பட்டையில் பொத்தான்கள் ஓரமின்றித் தட்டையாக, சாம்பல் படங்களாகக் கிடந்தன. கர்சர் மேலே போனதும் எழும்பி நிறம் பெற்றன. ஆஃபீஸ் 97 தட்டைப் பட்டையை எல்லா அலுவலகங்களுக்கும் கொண்டுபோனது. நுழைவதைக் கண்டுபிடிப்பது எளிது, வெளியேறுவதுதான் சிக்கல். கர்சர் வேகமாகப் பாய்ந்து போய்விட்டால், போனதைப் பொத்தானுக்குச் சொல்ல யாருமில்லை. அது பளிச்சிட்டபடியே நின்றுவிடும். நிரலர்கள் டைமர் வைத்துக் கர்சரின் இடத்தை அடிக்கடி பார்த்து ஒப்பேற்றினார்கள். கர்சர் வெளியேறியதும் செய்தி அனுப்பும் வசதி விண்டோஸ் என்டி 4.0, விண்டோஸ் 98 ஆகியவற்றில்தான் அமைப்புக்குள் வந்தது.

இந்தக் காலத்து மிகை வினாம்ப். அந்த இசைப்பானின் பொத்தான்கள் ஒரே படக்கோப்பில் மேல் வரிசையில் சாதாரணமாகவும் கீழ் வரிசையில் அழுத்தியதாகவும் இருந்தன. பெயின்ட் நிரல் தெரிந்த எவரும் கோப்பை மாற்றி வரைந்து புதுத் தோல் போர்த்தலாம். தோற்றத்தின் உரிமை முதன்முறையாகப் பெரிய அளவில் பயனர் கைக்குப் போனது. பயன்பாட்டு எளிமை கெட்டது உண்மை. யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

ஆப்பிள் 2000 ஜனவரியில் அறிமுகப்படுத்திய அக்வா இடைமுகத்தில் முதன்மைப் பொத்தான் மூச்சுவிடுவதுபோல் நீல ஒளியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தது. யாரும் தொடாதபோதும் மாறும் பொத்தான். 2014-இன் யோசமிட்டி பதிப்பில் அந்தத் துடிப்பு நின்றது. விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் பொத்தான் முகங்களைத் தனிக் கோப்பில் வைத்து, சாதாரணம், கர்சர் கீழ், அழுத்தியது, முடங்கியது, முதன்மை என்று நிலைவாரியாக வரைந்து தந்தது. தானே வரைந்துகொண்ட பழைய மென்பொருள்களின் சாம்பல் பொத்தான்கள் அந்தப் பளபளப்பில் அயலூர்க்காரர்கள்போல நின்றன.

நடைத்தாள்களின் வரவு

ஜாவாவின் ஸ்விங் தொகுப்பு ஒரு தெளிவைக் கொண்டுவந்தது. பொத்தானின் நிலை ஒரு பொருள், அதை வரைவது வேறொரு பொருள். மேக்கின் பழைய இழுத்து விடும் விதிக்காக அதில் இரண்டு கொடிகள் உண்டு: ஒன்று மவுஸ் பிடித்திருக்கிறது என்று சொல்லும், மற்றது இப்போது விட்டால் வேலை நடக்கும் என்று சொல்லும். கர்சர் வெளியே போனால் இரண்டாவது மட்டும் இறங்கும்.

2006 அக்டோபரில் கியூட்டி கருவித்தொகுப்பின் 4.2 பதிப்பு, இணையப் பக்கங்களின் நடைத்தாள் முறையை மேசைக்கணினிப் பொத்தானுக்குக் கொண்டுவந்தது. கர்சர் கீழ் இருந்தால் ஒரு நிறம், அழுத்தினால் ஒன்று, ‘அவசரம்’ என்ற பண்பு உண்மையானால் இன்னொன்று என்று நாலு வரியில் எழுதலாம். இதிலும் பழைய வழக்கின் தடங்கள் உண்டு. பின்னணி நிறம் மட்டும் சொல்லி ஓரத்தைச் சொல்லாவிட்டால் அமைப்பின் ஓரம் நிறத்தை மறைத்துவிடக்கூடும். பண்பை ஓடும்போது மாற்றினால் நடையைக் கழற்றி மறுபடி மாட்டினால்தான் புதுத் தோற்றம் வரும். ஜிடிகே தொகுப்பு நிறத்தை நேரடியாக மாற்றும் கட்டளையை மூன்றாம் பதிப்பில் விலக்கி வேறொன்றைத் தந்தது, 3.16-இல் அதையும் விலக்கி நடைத்தாளைக் கைகாட்டியது. இப்போது அங்கே நிரலர் ‘சிவப்பு’ என்று சொல்வதில்லை; ‘இது அழிக்கும் செயல்’ என்று வகை மட்டும் குறிப்பார், நிறத்தைத் தோற்றத்தொகுப்பு முடிவு செய்யும். இந்தக் கட்டுரையாளர் கண்ட வரையில் வழக்குக்குக் கிடைத்த மிகச் சுமுகமான தீர்ப்பு இதுதான்.

மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப் கருவித்தொகுப்பு, 2006 நவம்பரில், பொத்தானுக்கு உருவமே இல்லை என்று தொடங்கியது. வார்ப்பு எதுவோ அதுவே உருவம். ஆனால் பின்னணியைச் சிவப்பாக்கிவிட்டுக் கர்சரைக் கொண்டுபோனால், இயல்பான வார்ப்பு தன் வெளிர்நீலத்தைப் பூசிவிடும். அதை நிறுத்த வார்ப்பையே மாற்ற வேண்டும். உரிமையாளர் வரைந்த காலத்து உழைப்பு வேறு மொழியில் திரும்பி வந்தது.

நடைமுறைச் சிக்கல்கள்

எழுத்தை மாற்றும் பொத்தானில் பழைய ஐயம் ஒன்று தீரவே இல்லை. பொத்தான் காட்டுவது இப்போதுள்ள நிலையையா, அழுத்தினால் நடக்கப்போவதையா? இசைப்பானின் பொத்தான் நடக்கப்போவதைக் காட்டுகிறது. ஒலியடக்கப் பொத்தான் பெரும்பாலும் இருக்கும் நிலையைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே சாளரத்தில் அருகருகே இருக்கும். தமிழ் இடைமுகங்களில் அகலமும் சேர்ந்துகொள்கிறது: ‘சேமி’ என்ற பொத்தான் ‘சேமிக்கப்படுகிறது’ என்று விரிந்தால் பக்கத்துப் பொத்தான் நகர்ந்து, அடுத்த சொடுக்கு தவறான இடத்தில் விழும். அகலத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுவது நல்லது.

அந்த எழுத்து திரைக்கே வராமல் போவதும் உண்டு. பெயரை மாற்றிவிட்டு அதே இழையில் நீண்ட வேலையைத் தொடங்கினால், மறுபடி வரையும் செய்தி வரிசையில் காத்துக் கிடக்கும். விண்டோஸில் வரையும் செய்திக்கு முன்னுரிமையும் குறைவு. வேலை முடிந்து பெயர் பழையபடி ஆன பிறகுதான் பொத்தான் வரையப்படும். நீண்ட வேலையைத் தனி இழைக்கு அனுப்பி, பொத்தானை இடைமுக இழையிலிருந்து மட்டும் தொடுவதே இன்று எல்லாத் தொகுப்புகளின் பொது விதி.

2018-இன் இணைய அணுகல் நெறிமுறையான டபிள்யூசிஏஜி 2.1, பொத்தானையும் அதன் நிலையையும் அடையாளம் காட்டும் பகுதிகளுக்கு 3:1 நிற வேறுபாடு கேட்கிறது. முடங்கிய பொத்தானுக்கு விலக்கு உண்டு. நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லக் கூடாது என்பதும் அதில் உண்டு. திரைவாசிப்பானுக்கு நிறம் தெரியாது. அழுத்தியது, முடங்கியது என்ற நிலைகளை அணுகல் இடைமுகம் வழியாகத்தான் அது அறியும். தானே வரையும் பொத்தான்கள் சறுக்குவதும் பெரும்பாலும் இங்கேதான்: கண்ணுக்கு அமுங்கியே இருக்கும் பொத்தான், காதுக்குச் சாதாரணப் பொத்தானாகவே போய்ச் சேர்கிறது. விண்டோஸின் உயர்வேறுபாட்டு முறையில் கறுப்புப் பின்னணியைத் தேர்ந்தவர் முன்னால், தன் சாம்பலை விடாமல் பூசிக்கொண்டு நிற்பதும் அதே பொத்தான்தான்.