பிரசவ அறைக் கொடுமை

பிரசவ அறைக் கொடுமை என்பது மருத்துவமனையில் பிள்ளை பெறும் பெண்ணை ஏசுவது, அடிப்பது, அவளைக் கேட்காமல் கத்தி வைப்பது, வலியில் கவனிப்பாரின்றிப் போட்டுவிடுவது, பில் கட்டவில்லை என்று பிள்ளையோடு பிடித்து வைப்பது முதலியவற்றைக் குறிக்கும். பேறுகால வன்முறை என்றும் எழுதுவதுண்டு. ஏழை நாட்டிலும் நடக்கிறது, பணக்கார நாட்டிலும் நடந்திருக்கிறது. எங்கே நடந்தாலும் ஒரு சூழ்நிலை மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை: அந்தப் பெண் தன் ஆட்கள் யாருமில்லாமல், அந்நியர் நடுவே தனியாகக் கிடக்கிறாள்.

வடிவங்கள்

மிகப் பரவலானது ஏச்சு. “அன்னிக்குத் தெரியலையா, இப்ப எதுக்குக் கத்துற?” என்ற கேள்வி தமிழ்நாட்டுப் பிரசவ வார்டுகளில் பழகிப்போன ஒன்று. ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் ஏறத்தாழ இதே கேள்வியை நர்ஸுகள் கேட்டதாகப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது பிள்ளை என்றால் ஓர் ஏச்சு, வயது குறைவு என்றால் வேறொன்று, சாதியையும் உடுத்தியிருக்கும் சேலையையும் பார்த்து இன்னொன்று. முக்கச் சொல்லியும் முக்கவில்லை என்றால் தொடையில் அடி விழும். அடிப்பவர் அதை உதவி என்றே நம்புவதும் உண்டு. பிறந்த பிள்ளையை வெளியே கொண்டுவந்து காட்ட ஆயாவுக்குப் பணம், அதிலும் ஆணுக்கு ஒரு ரேட்டு பெண்ணுக்கு ஒரு ரேட்டு என்பது ஊரறிந்த சங்கதி.

மருத்துவம் என்ற பெயரில் நடப்பவை இன்னொரு வகை. மேல்வயிற்றை அழுத்திப் பிள்ளையைக் கீழே தள்ளும் முறையை 1867இல் ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் கிறிஸ்டெல்லர் எழுதிவைத்தார். ஸ்டூல் போட்டு ஏறி நின்று முழங்கையால் அழுத்தும் அளவுக்கு அது பிற்பாடு முரட்டுத்தனமானது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவக் கவனிப்புப் பரிந்துரைகள் இதைச் செய்யக் கூடாது என்கின்றன. மயிர் மழிப்பதும் எனிமா கொடுப்பதும் வழக்கமாகச் செய்ய வேண்டியவை அல்ல. பிறப்புவாயைக் கத்தரித்து அகலமாக்கும் எபிசியாட்டமியும் எல்லாருக்கும் தேவைப்படாது. தலைப்பிரசவம் என்றாலே வெட்டுதான் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. மரத்துப்போகும் ஊசி போடாமலே தையல் போட்டார்கள் என்பது பல நாட்டுப் பெண்களின் புகார். பிள்ளை பிறந்த கையோடு, தாயைக் கேட்காமலே கருத்தடைக்கான காப்பர்-டி வைத்துவிட்டார்கள் என்ற புகார் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் மீது எழுந்திருக்கிறது.

அமெரிக்கா, 1958

இந்த விஷயம் முதன்முதலில் பெரிய அளவில் அச்சேறியது அமெரிக்காவில், அதுவும் ஒரு குடும்பப் பத்திரிகையில். 1957 நவம்பரில் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ ஒரு நர்ஸின் கடிதத்தை வெளியிட்டது. பிரசவ அறைகளில் நடப்பதை விசாரியுங்கள் என்று அவர் கேட்டிருந்தார். தாய்மார்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. 1958 மே இதழில் அவற்றைத் தொகுத்துப் போட்டார்கள். மணிக்கணக்கில் மேசையோடு கட்டிவைத்ததை எழுதியிருந்தார்கள். டாக்டர் வந்து சேரும்வரை பிள்ளை வந்துவிடக் கூடாது என்று கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டதையும் எழுதியிருந்தார்கள்.

கட்டிவைத்ததற்கு ஒரு காரணம் மருந்து. மார்ஃபினையும் ஸ்கோபோலமைனையும் சேர்த்துக் கொடுக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபூர்க் நகரிலிருந்து பரவியது. ஸ்கோபோலமைன் வலியை எடுக்காது, வலியின் நினைவைத்தான் எடுக்கும். பெண் நிதானமிழந்து கை காலை உதறுவாள். கீழே விழாமலிருக்கக் கட்டுவார்கள். மணிக்கட்டில் தழும்பு விழக் கூடாது என்று வாருக்கு உள்பக்கம் ஆட்டுரோமம் வைத்துத் தைத்திருந்தார்கள். கணவன் வெளியே காத்திருப்பு அறையில் சிகரெட் புகைத்துக்கொண்டிருப்பான். உள்ளே நடந்தது அவனுக்குத் தெரியாது, மனைவிக்கு நினைவிருக்காது. சாட்சியே இல்லாத ஏற்பாடு. அடுத்த ஆண்டுகளில் கணவனைப் பிரசவ அறைக்குள் விடச் சொல்லி எழுந்த இயக்கத்துக்கு இந்தக் கடிதங்களும் ஒரு தூண்டுதல்.

கென்யா, 2013

கென்ய அரசு இலவசப் பிரசவத் திட்டத்தை அறிவித்த சில மாதங்களில், பூங்கோமா நகர அரசு மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்கு வலி வரவழைக்க மருந்து கொடுத்தார்கள். பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிரசவ அறைக்குத் தானே நடந்துபோன அவர், அங்கே கட்டில் காலியில்லாமல் திரும்பும் வழியில் மயங்கி விழுந்து, சிமென்ட் தரையில் பிள்ளை பெற்றார். கண் விழித்தபோது நர்ஸுகள் கன்னத்தில் அறைந்து, தரையை அசுத்தமாக்கியதாக ஏசிக்கொண்டிருந்தார்கள். அவர் வழக்குப் போட்டார். 2018இல் உயர் நீதிமன்றம் அவருடைய மானத்துக்குப் பங்கம் நேர்ந்தது என்று தீர்ப்பளித்து, 25 லட்சம் கென்ய ஷில்லிங் இழப்பீடும் மன்னிப்பும் வழங்கச் சொன்னது. இலவசம் என்று அறிவித்தார்களே தவிர, வந்து குவியும் பெண்களுக்கு வேண்டிய நர்ஸையும் கட்டிலையும் மருந்தையும் கொடுக்கவில்லை. நர்ஸின் கையை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாத வழக்கு இது.

ஆய்வு

கானா, கினி, நைஜீரியா, மியன்மார் ஆகிய நான்கு நாடுகளில் 2,016 பெண்களின் பிரசவத்தை அருகிலிருந்து கவனித்து எழுதிய ஆய்வு 2019இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பத்தில் நான்கு பேருக்கு மேல் அடியோ ஏச்சோ இழிவோ பட்டார்கள். பிறப்புக்கு முந்தைய 30 நிமிடமும் பிந்தைய 15 நிமிடமும்தான் உச்சம். எபிசியாட்டமி செய்யப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேரிடம் சம்மதம் வாங்கவில்லை. சிறுவயதினரும் படிப்பு குறைந்தவர்களும் அதிகம் அகப்பட்டார்கள். துணைக்கு ஆளில்லாத பெண்கள் கூடுதலாக அடிபட்டார்கள் என்பது இதே ஆய்வுத் திட்டத்தின் அடுத்த கட்டுரையில் தெரியவந்தது.

சட்டம்

பேறுகால வன்முறையைச் சட்டத்தில் முதலில் வரையறுத்த நாடு வெனிசுவேலா, 2007இல். அர்ஜென்டினா 2009இல் தொடர்ந்தது. இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் சம்மதம் பற்றி 2008இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இங்கே பொருந்தும். மயக்கத்திலிருந்த பெண்ணின் கருப்பையை அவர் தாயாரிடம் மட்டும் கேட்டு எடுத்த வழக்கு அது. வயதுவந்த, நினைவு திரும்பக்கூடிய நோயாளிக்குப் பதிலாக இன்னொருவர் தரும் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். கணவன் கையெழுத்தே போதும் என்று நினைக்கும் மருத்துவமனைகள் இதைப் படிக்கலாம்.

தமிழ்நாடு

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன, 44.9 விழுக்காடு சிசேரியன். பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாயிற்று. வந்தவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. இதில் தமிழ்நாடு முன்கூட்டியே ஒரு காரியம் செய்தது: 2004இலேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உடனிருக்கத் துணை ஒருவரை அனுமதித்தது. மத்திய அரசு இதற்கு வழிகாட்டுதல் தந்தது 2016இல். பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய ‘லக்ஷயா’ திட்டமும் துணையை வலியுறுத்துகிறது.

மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி துணை வருபவர் தானும் பிள்ளை பெற்ற பெண்ணாக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடையில் வர வேண்டும், கடைசிவரை கூடவே இருக்க வேண்டும், சிகிச்சையில் தலையிடக் கூடாது. நடைமுறையில் அம்மா, மாமியார், அக்கா யாராவது வருவார்கள். முதுகைத் தேய்த்துவிடுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பதே பாதி காவல். ஆனாலும் கூட்டம் அதிகமான இடங்களில் “எல்லாரும் வெளிய போங்க” என்ற குரல் இன்னும் கேட்கத்தான் செய்கிறது. அதே வழிகாட்டுதல் கணவனையும் அனுமதிக்கிறது, ஆனால் பிற பெண்களின் மறைவுக்குப் பங்கம் வராத அறையாக இருந்தால் மட்டும். மேசைக்கும் மேசைக்கும் நடுவே திரை இல்லாத மருத்துவமனைகளில் அவன் இன்றும் வெளியேதான் நிற்கிறான்.