ஒன்பது இரவுகளின் காசு

விஜயநகரப் பேரரசில் நவராத்திரிதான் வரி கட்டும் காலம். 1530-களில் அந்நகரில் தங்கியிருந்த போர்ச்சுக்கீசியக் குதிரை வணிகர் பெர்னாவ் நூனிஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். பேரரசின் நிலங்களைப் பிரித்து ஆண்டுவந்த நாயக்கர்களும் தளபதிகளும் செப்டம்பர் மாதத்து ஒன்பது நாள் விழாவின்போது தலைநகருக்கு வந்து, தாங்கள் செலுத்த வேண்டியதை மன்னர்முன் வைத்தாக வேண்டும். வெளியே வாணவேடிக்கை, மல்யுத்தம், நாட்டியம், குதிரை அணிவகுப்பு. உள்ளே கணக்குப் புத்தகம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தென்னாட்டு நவராத்திரியின் வரலாறு பிடிபடும்.

நூனிஸுக்குச் சில ஆண்டுகள் முன்பு, ஏறத்தாழ 1520-இல், அவருடைய நாட்டவரான டொமிங்கோ பயஸ் கிருஷ்ணதேவராயரின் விழாவை நேரில் கண்டார். நகைகளின் கனம் தாங்காமல் பக்கத்தில் இருப்பவர்கள் கைத்தாங்கலாகப் பிடித்து நடத்திவந்த அரண்மனைப் பெண்களைப் பற்றி அவர் வியந்து எழுதுகிறார். கடைசி நாளில் மட்டும் 250 எருமைகளும் 4,500 ஆடுகளும் பலியிடப்பட்டன என்பதும் அவர் தரும் கணக்கு. அவருக்கு முன்பே, 1443-இல், இரண்டாம் தேவராயர் காலத்தில் ஹிராத்திலிருந்து தூதராக வந்த அப்துர் ரசாக்கும் இந்த விழாவைப் பார்த்து மலைத்துப்போனவர்தான். இன்றைக்கு ஹம்பிக்குப் போகிறவர்கள் மகாநவமி திப்பா என்ற அந்தக் கல்மேடையில் ஏறி நிற்கலாம். மேலே இருந்த மரக்கட்டடம் போய்விட்டது. மேடையின் பக்கங்களில் யானைகள், ஒட்டகங்கள், வேட்டைக்காரர்கள், நடனப் பெண்கள், அயல்நாட்டுத் தொப்பி அணிந்த தூதர்கள் என வரிசை வரிசையாகச் சிற்பங்கள் மிஞ்சியிருக்கின்றன. விழா நடந்த விதத்தை விழா நடந்த இடத்திலேயே கல்லில் வாசிக்கக் கிடைப்பது அரிது.

ஏன் இந்த மாதம்? தக்காணத்தில் தென்மேற்குப் பருவமழை ஓயும் நேரம் அது. ஆறுகள் வடியும், வண்டிப் பாதைகள் காயும், படை நகரலாம். மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த வாளையும் குதிரையையும் எடுத்துப் பூசை செய்து, யார் யார் நம் பக்கம் என்று தலை எண்ணிப் பார்த்துவிட்டுப் படை புறப்பட வேண்டிய வேளை. ஆயுத பூசை இன்று லாரிக்கும் லேத்துப் பட்டறைக்கும் சந்தனம் வைக்கும் நாளாக இருக்கிறது. அதன் பழைய அர்த்தம் போர்க்களத்தைச் சேர்ந்தது.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. நகரம் பாழானாலும் விழா பாழாகவில்லை. பேரரசின் கீழிருந்த சிற்றரசர்கள் ஒவ்வொருவரும் அதைத் தத்தம் ஊருக்கு எடுத்துப் போனார்கள். மகாநவமியை நடத்துகிறவனே அரசன் என்ற எண்ணம் அத்தனை ஆழமாக வேரூன்றியிருந்தது. மைசூரின் ராஜ உடையார் 1610-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விஜயநகரப் பிரதிநிதியிடமிருந்து கைப்பற்றிய அதே ஆண்டில் அங்கே தசராவைத் தொடங்கினார். பிற்காலத்தில் முழு அதிகாரமும் ஹைதர் அலியின் கைக்குப் போன பிறகுகூட, உடையார் குடும்பத்து அரசரை ஆண்டுதோறும் தசராவின்போது மக்களுக்குக் காட்டும் வழக்கத்தை ஹைதர் விட்டுவிடவில்லை. கோட்டையும் படையும் கையில் இருந்தவருக்கே அந்த விழா தேவைப்பட்டது.

மதுரைச் சீமையில் நடந்தது இன்னும் சுவையானது. திருமலை நாயக்கர் முதுமையில் நோயுற்றிருந்தபோது மைசூர்ப் படை அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டே வந்தது. 'மூக்கறுப்புப் போர்' என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். இராமநாதபுரத்து இரகுநாத சேதுபதி மறவர் படையோடு வந்து அதை விரட்டினார். நன்றிக்கடனாக நாயக்கர் அவருக்குத் தம் பெயரையே பட்டமாகக் கொடுத்தார், கப்பத்திலிருந்து விலக்களித்தார், கூடவே, மதுரையில் நடப்பது போலவே இராமநாதபுரத்திலும் நவராத்திரி கொண்டாடும் உரிமையையும் கொடுத்தார். நிலம், பொன், பட்டம் என்ற வரிசையில் ஒரு திருவிழாவும் பரிசாக இருந்தது என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும். அந்த உரிமையைப் பெற்றவர் அதன்பின் வெறும் பாளையக்காரர் அல்லர்.

கிழவன் சேதுபதி எழுப்பிய இராமலிங்க விலாசத்தில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்ட ஓவியங்கள் சுவரெல்லாம் நிறைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில் அரண்மனைத் தெய்வமான இராஜராஜேஸ்வரி, முத்து விஜய இரகுநாத சேதுபதியின் கையில் செங்கோலைத் தருகிறாள். அரசனுக்கு ஆட்சியைக் கொடுப்பவள் அம்மன். அந்தக் கொடையை ஆண்டுக்கு ஒரு முறை ஊரறியப் புதுப்பித்துக்கொள்வதே நவராத்திரி. 1803-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இராமநாதபுரச் சேதுச் சீமையை ஜமீனாக மாற்றியதும் படையும் போர் செய்யும் உரிமையும் போயின. மிச்சம் இருந்தது விழா மட்டுமே. அரசர் அரசராகத் தெரிய அந்த ஒன்பது நாள்தான் என்று ஆனபோது செலவு ஏறியதில் வியப்பில்லை. விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி 1892-இல் நடத்திய நவராத்திரியின் விவரங்கள் அச்சிலேயே ஏறின. புலவர்களுக்கும் பாடகர்களுக்கும் பண்டிதர்களுக்கும் அள்ளிக் கொடுத்தவர் அவர். சில ஆண்டுகளுக்குள் கடன் சுமையால் ஜமீனைத் தம் சிறுவயது மகன் பெயருக்கு மாற்றிவைக்கும் நிலை வந்தது. ஹம்பியில் மன்னரின் கருவூலத்துக்குள் பாய்ந்த பணம், இராமநாதபுரத்தில் மன்னரின் கருவூலத்திலிருந்து வெளியே பாய்ந்தது.

வெளியே பாய்ந்த பணத்துக்கு ஓர் உருவமே கொடுத்தது புதுக்கோட்டை. அங்கே தொண்டைமான்கள் வெளியிட்ட செப்புக்காசுக்கு அம்மன் காசு என்று பெயர். ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் 'விஜய' என்று தெலுங்கில் எழுதியிருக்கும். ஓர் அணாவுக்கு 20 காசு, ஒரு ரூபாய்க்கு 320. நவராத்திரி நாட்களில் அரண்மனை அரிசி தானம் செய்தபோது அரிசியோடு சேர்த்து இந்தக் காசும் வழங்கப்பட்டது. 1738-இல் விஜய ரகுநாத ராய தொண்டைமானுக்குச் சதாசிவ பிரம்மேந்திரர் மௌனமாக மணலில் உபதேசம் எழுதிக் காட்டியதாகவும், அந்த மணலை அரசர் எடுத்துவந்து அரண்மனையில் வைத்துப் பூசித்ததாகவும் அரச குடும்பத்தில் ஒரு வழக்கு உண்டு. நவராத்திரியையும் அம்மன் காசையும் அந்தச் சந்திப்போடு இணைத்தே சொல்வார்கள். 'பிரகதாம்பாள் தாசர்' என்பது அரசர்களின் பட்டங்களுள் ஒன்று.

பிரிட்டிஷ் ரூபாய் புழங்கிய காலத்திலும் அம்மன் காசு சாகவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்தே எந்திரத்தில் அச்சடித்துத் தருவித்தார்கள். சமஸ்தானங்களில் சொந்தமாக நாணயம் வைத்திருந்தவை சிலவே; அவற்றிலும் நவராத்திரி தானத்தோடு இத்தனை நெருங்கிய காசு வேறு உண்டா என்பது ஐயமே. 1948 மார்ச்சில் புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்தது. காசு காட்சிப் பொருளானது.

தெற்கே வேணாட்டில், அதாவது திருவிதாங்கூரில், விழா காசாக மாறவில்லை, நடையாக மாறியது. திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போன பிறகு, மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் நவராத்திரியும் அங்கே போயிற்று. தெய்வங்கள் மட்டும் பழைய ஊரிலேயே இருந்தன. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அவை புறப்பட்டுப் போக வேண்டியதாயிற்று. பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி யானைமேல், வேளிமலைக் குமாரகோவில் முருகன் வெள்ளிக் குதிரையில், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மன் பல்லக்கில். இந்தச் சரஸ்வதி, கம்பர் வழிபட்டுச் சேர மன்னரிடம் ஒப்படைத்த திருமேனி என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. அரண்மனையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு முடிந்ததும் ஊர்வலம் கிளம்புகிறது. குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி மூன்றாம் நாள் திருவனந்தபுரம் சேர்கிறது.

1956 நவம்பர் 1-இல், பத்மநாபபுரம் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. எனவே இன்று இந்தத் தெய்வங்கள் களியக்காவிளையில் ஒரு மாநில எல்லையைக் கடக்கின்றன. இரண்டு மாநிலக் காவல்துறையும் மரியாதை செலுத்துகின்றன. இரு மாநில அரசுகளுக்கும் ஆயிரம் வழக்கு இருக்கலாம், இந்த நடை மட்டும் தடைபடவில்லை. போய்ச் சேரும் இடத்தில் நவராத்திரி மண்டபக் கச்சேரி. சுவாதித் திருநாள் இயற்றிய கீர்த்தனைகள் நாளுக்கு ஒன்றாகப் பாடப்படும் அந்த மேடையில் பெண்கள் பாட அனுமதி இல்லாமலிருந்தது. 2006-இல்தான் பாறசாலை பொன்னம்மாள் அந்தத் தடையைத் தாண்டிப் பாடினார். இத்தனை காலம் ஒரு சரஸ்வதியின் முன்னிலையில் பெண் குரல் ஒலிக்காமல் வைத்திருந்தது பெரும் குறைதான். அது தீர்ந்தது நல்லது.

மைசூர் தசரா எல்லாருக்கும் தெரியும். 1799-க்குப் பிறகு விழா ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மைசூர் நகருக்கு வந்தது. 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியைச் சுமந்து யானை பன்னிமண்டபம் வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் போகிறது. அந்த மண்டபத்துக்குப் பெயர் தந்தது வன்னி மரம். மன்னர் மானியம் 1971-இல் ஒழிந்தது. அந்த மாற்றங்களின் ஊடே அம்பாரியில் அரசர் அமர்ந்த இடத்துக்குச் சாமுண்டீஸ்வரி வந்தாள்.  இன்று விழாச் செலவு கர்நாடக அரசுடையது. பார்க்க அழகான விழாதான். ஆனால் அங்கே மக்கள் சாலையோரத்தில் நின்று பார்க்கிறவர்கள்.

குலசை என்று சுருக்கி அழைக்கப்படும் குலசேகரன்பட்டினத்தில் மக்களே விழா.

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் இந்த ஊர் ஒரு காலத்தில் துறைமுகம். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் உப்பளத்தில் லோன் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்ட வழக்கால் நாடறிந்த ஊர். இங்கே முத்தாரம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் ஒரே பீடத்தில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். கொடியேறியதும் கோவிலில் காப்புக் கட்டிக்கொண்டு பக்தர்கள் வேடம் அணிகிறார்கள். காளி, குறவன், குறத்தி, குரங்கு, கரடி, போலீஸ், பிச்சைக்காரர், ராஜா, ராணி என்று நேர்ந்துகொண்டபடி வேடம். காளி வேடம் கட்டுகிறவர்கள் பல நாள் முன்பே மாலை போட்டுக் கடும் விரதம் இருப்பார்கள். சடைமுடி, தகரக் கிரீடம், வெளியே நீட்டிய நாக்கு, பல கைகள் எல்லாம் சேர்ந்து தோளை அழுத்தும் பாரம். ஊர் ஊராகத் தசரா செட்டுகள் எனப்படும் குழுக்கள் சேர்ந்து, மேளம் முழங்க, கரகம் ஆடி, வீதி வீதியாகப் போய்த் தர்மம் எடுக்கின்றன. தட்டில் விழுந்த காசு முழுவதும் பத்தாம் நாள் அம்மன் உண்டியலில் சேர வேண்டும். அன்றிரவு கடற்கரையில் சிதம்பரேஸ்வரர் கோவில் முன்பு சூரசம்ஹாரம். மகிஷாசுரன் யானை முகமாகவும் சிங்க முகமாகவும் மாறி மாறி வந்து அம்மனோடு மோதுகிறான். லட்சக்கணக்கான தொண்டைகளிலிருந்து 'ஓம் காளி, ஜெய் காளி' எழுகிறது.

மைசூருக்கு அடுத்த பெரிய தசரா குலசைத் தசரா என்று எல்லாரும் எழுதுகிறார்கள். கூட்டத்தை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு அது சரி. உள்ளபடி பார்த்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்பவை. விஜயநகரத்தில் பெரிய மனிதர்கள் குடிகளிடம் வசூலித்ததை அரசர் முன் கொண்டுவந்து கொட்டினார்கள். குலசையில் கூலி வேலைக்காரரும் கடைக்காரரும் வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவரும் ஒரே வரிசையில் தட்டேந்தி, பிச்சை எடுத்ததைத் தாயின் காலடியில் வைக்கிறார்கள். ராஜா வேடம் போட்டவரும் தட்டேந்தித்தான் ஆக வேண்டும். வசதி படைத்தவர் மொத்தமாக ஒரு தொகையை உண்டியலில் போட்டுவிட்டு வேலையை முடித்துக்கொள்ள முடியாது. வீடு வீடாகக் கை நீட்ட வேண்டும் என்பதே நேர்ச்சை. எந்த அரசரும் தொடங்கி வைக்காமல், எந்தக் கருவூலமும் செலவழிக்காமல், நோய் தீர்ந்தவர்களும் பிள்ளை பெற்றவர்களும் பட்ட நன்றியால் வளர்ந்த விழா இது.

பாளையங்கோட்டையில் பல அம்மன்களின் சப்பரங்கள் ஒன்றுகூடும் தசரா, கோவை ராஜவீதியில் தேவாங்கர்கள் கத்தி போட்டுச் சவுடாம்பிகையை அழைத்துவரும் விஜயதசமி ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. அரண்மனை நவராத்திரிகளில் பல சுருங்கிப்போயின அல்லது அரசுத் துறைகளின் கைக்குப் போயின. தெருவின் நவராத்திரிகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன.

இவற்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே கிளம்ப வேண்டும். பத்மநாபபுரத்து ஊர்வலம் நவராத்திரிக்கு முன்பே புறப்பட்டுவிடும். பத்மநாபபுரம் அரண்மனையை ஒட்டிய தக்கலையில் காலையிலேயே இருந்தால் உடைவாள் கைமாறுவதையும் பார்க்கலாம். இராமலிங்க விலாசத்து ஓவியங்களுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் பழைய காசுகளைக் கேட்டுப் பாருங்கள். குலசைக்குப் பத்தாம் நாள் இரவில் மட்டும் போய் நெரிசலில் சிக்கிவிட்டு வராதீர்கள். அதற்கு நான்கைந்து நாள் முன்பே உடன்குடி, சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரத்து ஊர்களில் தங்குங்கள். வேடக்காரர்கள் வாசலுக்கே வருவார்கள். படம் எடுப்பதற்கு முன்னால் தட்டில் காசு போடுங்கள்.