கோவையைக் காணும் உரிமை

1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டனர். அக்காலத்தில் இந்நாட்டிற்கு வந்த எம்மவர் அரசின் விதிகளை அறிந்தது இரண்டே வழிகளில்: அலுவலக வரிசையில் கால்கடுக்க நின்று, அல்லது முன்னர் வந்தவரின் வாய்ச்சொல்லைக் கேட்டு. வாய்ச்சொல் பிழைத்தபோது இழப்பு எம்முடையதாயிற்று.

ஆயினும், அறியும் உரிமை சட்டத்தில் முன்னரே இருந்தது. கனடாவின் தகவல் பெறும் சட்டமும் தனியுரிமைச் சட்டமும் 1983 யூலை 1இல் நடைமுறைக்கு வந்தன. தொடக்கத்தில் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவாளருக்கும் மட்டும் உரித்தாயிருந்த அவ்வுரிமை, 1989இல் கனடாவில் இருக்கும் எவருக்கும் விரிவாக்கப்பட்டது. அகதிக் கோரிக்கையாளரும் அதில் அடங்குவர். எம்மில் எத்தனை பேர் இதனை அறிந்திருந்தோம்?

இணையத்தளங்கள் பின்னரே வந்தன. 2004ஆம் ஆண்டளவில் அரச தகவல்களையும் சேவைகளையும் இணையவழி கிடைக்கச் செய்வதென 1999இல் மத்திய அரசு அறிவித்தது. படிவங்களும் விதிகளும் செலவின்றி வீட்டுக்கே வந்தன. 2021 ஒக்டோபரில், நாட்டினுள்ளிருந்து அகதிக் கோரிக்கை விடுப்பதற்கும் இணையவாசல் திறக்கப்பட்டது. இது பெரும் நன்மையே.

ஆனால் திரையில் தெரிவது பொதுவிதி. எமது விண்ணப்பம் ஏன் தாமதிக்கிறது, அதிகாரி என்ன குறிப்பெழுதினார் என்பன கோவையினுள்ளேயே கிடக்கின்றன. 2019–20 நிதியாண்டில் குடிவரவுத் திணைக்களத்திடம் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட தகவல் கோரிக்கைகள் குவிந்தன. தம் விண்ணப்பத்தின் நிலையை வேறு வழியில் அறிய இயலாமையே இதற்கு முக்கிய காரணமென, தகவல் ஆணையாளர் கரோலின் மேனார்ட் 2021இல் பாராளுமன்றத்திற்கு அறிக்கையிட்டார். இணையத்தளம் மௌனித்த இடத்தில் மக்களுக்குக் கைகொடுத்தது பழைய சட்டமே.

மொன்ட்ரியால்-நோரில் மொழித்தடையும் உண்டு. மத்திய அரசின் தளங்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உள்ளன; கியூபெக் அரசோ 2023 யூன் முதல், வந்து ஆறு மாதங்கள் கடந்த குடிவரவாளருடன், சில விதிவிலக்குகள் தவிர, பிரெஞ்சிலேயே தொடர்பாட வேண்டுமென விதித்துள்ளது. கணனியும் பிரெஞ்சும் அறியாத எமது முதியோர் இன்றும் பிறர் கையையே எதிர்பார்த்திருக்கின்றனர்.

எனவே இளையோரே, பெற்றோருடன் அமர்ந்து அவர்தம் கடிதங்களை வாசியுங்கள். வேண்டுமிடத்து கோவையைக் கேட்டு எழுதுங்கள். தகவல் பெறும் சட்டத்தின் கீழ் விண்ணப்பக் கட்டணம் ஐந்து டொலர். தனியுரிமைச் சட்டத்தின் கீழ் அதுவுமில்லை. கேட்பது இரத்தல் அன்று. நாற்பதாண்டு பழைமையான உரிமை.