வேதம் சொன்னவர் இராஜநாயக்கன், குருப்பட்டம் வேறொருவருக்கு

தமிழகத் திருச்சபை வரலாறு என்றதும் நமக்குச் சொல்லித்தரப்படுவது மிஷனரிகளின் பெயர்கள்தான். சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், அச்சுக்கூடம் அமைத்தார், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். எல்லாம் உண்மை. ஆனால் அச்சான புத்தகம் தானாகச் சேரிக்கு நடந்து போகவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் வாசித்து, தான் புரிந்துகொண்டதைத் தன் மக்களோடு பேசியது யார்? தோழர்களே, இந்தக் கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

அப்படிப் பேசியவர்களில் ஒருவர் இராஜநாயக்கன். பறையர் சமூகத்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சை மன்னரின் படையில் சிப்பாயாக இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் அவர் கைக்குக் கிடைத்தது. குரு யாரும் பக்கத்தில் இல்லை. அவரே வாசித்தார், தன்னைச் சுற்றி இருந்தவர்களுக்கும் சொன்னார். 1720களின் இறுதியில் தரங்கம்பாடி மிஷனில் சேர்ந்து உபதேசியார் ஆனார். தஞ்சை அரசின் எல்லைக்குள் ஐரோப்பிய மிஷனரிகள் எளிதில் நுழைய முடியாத காலம் அது. அங்கே சபை வளர்ந்தது இராஜநாயக்கனைப் போன்றவர்களின் காலாலும் நாவாலும்தான்.

பிறகு 1733 வந்தது. இந்தியர் ஒருவரைக் குருவாக்க மிஷன் முடிவு செய்தது. இராஜநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. அவருடைய விசுவாசத்திலோ உழைப்பிலோ யாரும் குறை காணவில்லை. ஆனால் பறையர் ஒருவரின் கையிலிருந்து திருவிருந்தை வாங்க மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வேளாளரான ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார். ஆரோனின் தொண்டை நாம் குறைத்துப் பேசவில்லை. நம் கேள்வி அவரைப் பற்றியது அல்ல. இராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

இதன் பொருளைக் கவனியுங்கள். அவர் வாயிலிருந்து வேதத்தைக் கேட்கலாம். அவர் கையிலிருந்து அப்பத்தை வாங்கக் கூடாது. சொல் தீட்டில்லை, தொடுதல் தீட்டு. ஊருக்குள் இருந்த அதே விதி பலிபீடத்துக்கும் வந்து சேர்ந்தது. “காலத்தின் கட்டாயம், மிஷனரிகள் என்ன செய்வார்கள்?” என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கட்டாயத்தின் விலையை யார் கொடுத்தது என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1833இல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே விலகி நின்றார்கள். விட்டுக்கொடுத்து வளர்த்த சாதி தானாகத் தேயவில்லை.

தெற்கே இன்னொரு கதை இருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மயிலாடியைச் சேர்ந்த மகராசன், சாம்பவர் சமூகத்தவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் நற்செய்தியைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். தன் உறவினரைக் கூட்டி உட்கார வைத்துப் பேசினார். தங்கள் ஊருக்குப் போதகர் வேண்டும் என்று கேட்டவரும் அவரே. மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல்தான் அங்கே வந்தார். அதாவது மிஷனரி வருவதற்கு முன்பே அங்கே ஒரு சபை கூடிவிட்டது. 1816இல் ரிங்கல்தௌபே கிளம்பிப் போனபின், அடுத்த மிஷனரி வரும்வரை சபையைத் தாங்கியதும் வேதமாணிக்கம்தான்.

எனவே “மிஷனரிகள் வந்து நமக்கு எல்லாம் கொடுத்தார்கள்” என்ற வரி பாதி வரலாறு. நம் முன்னோர் வெறுமனே கை நீட்டி வாங்கியவர்கள் அல்ல. வாசித்தார்கள், யோசித்தார்கள், பேசினார்கள், சபையைக் கட்டினார்கள். இராஜநாயக்கனைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான மிஷன் அறிக்கைகள் வழியாக வந்தது. நம் கதையை அடுத்தவர் ஏடுகளில் தேட வேண்டிய நிலை நமக்கு.

மாணவத் தோழர்களுக்கு இரண்டு வேலைகள். முதலாவது, உங்கள் ஊர்ச் சபையில் முதன்முதலில் வேதம் வாசித்துச் சொன்ன உபதேசியார் யார், வேதப்பெண்மணி யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்களையும், சபை நிர்வாகக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகவில்லை என்றால், 1733 இன்னும் முடியவில்லை என்று பொருள்.